போர்டிங்கில் புதுப் பிள்ளைகளுக்கு வேலை பழக்குவது: எந்த வழி யாருக்குச் சரிவரும்?

வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது விட்டுச்செல்லும் இருபது நாய், ஏழெட்டுப் பூனை தங்கும் அளவில் ஒரு போர்டிங். நீங்கள், வீட்டு ஆள் ஒருவர், நீண்ட நாளாகக் கூடவே இருக்கும் வேலையாள் ஒருவர். ஏப்ரல், மே விடுமுறையும் தீபாவளியும் வந்தால் மூன்று பேர் போதவே மாட்டார்கள். அனுபவம் உள்ளவரைத் தேடினால் அவர் நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்தும் க்ரூமிங் கடைப் பக்கம் போயிருப்பார், அங்கே வருமானம் கூடுதல். சரி, பிள்ளைகள் இரண்டு பேரை எடுத்து நாமே பழக்கிவிடலாம் என்று முடிவு செய்கிறோம். கோவையைச் சுற்றி இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கூடிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்வி அதற்கு அடுத்தது: எப்படிப் பழக்குவது?

நடைமுறையில் நான்கு வழி இருக்கிறது. கை தேர்ந்த ஒருவரோடு கூடவே விட்டுப் பழக்கலாம். வெளியே ஒரு பயிற்சிக்கோ வெட் (கால்நடை மருத்துவர்) கிளினிக்குக்கோ அனுப்பி, கற்றுக்கொண்டு வந்ததும் வேலையில் வைக்கலாம். தொழில் பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் பதிந்து எடுக்கலாம். சீசனுக்கு மட்டும் மாணவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். நான் முதல் வழியின் பக்கம் நிற்கிறவன். ஆனால் அதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க மற்ற வழிகளிலிருந்து கொஞ்சம் கடன் வாங்க வேண்டும்.

வயது விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். "பத்தாவது முடிச்ச பையன் சும்மா இருக்கான், சேர்த்துக்கோங்க" என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைச் சம்பளத்துக்கு வைக்கவே கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்றும், இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளில் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் சொல்கிறது. போர்டிங்கில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பங்கு காலை ஆறு மணிக்கும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும்தான் கண்ணில் படும். அந்த இரண்டு நேரத்தையும் விட்டுவிட்டு ஒருவரைப் பழக்க முடியாது. கடி, கீறல், பிளீச்சிங் இதையெல்லாம் யோசித்தால் 18 நிறையாத பிள்ளையை உள்ளே விடவே எனக்கு மனசு வராது. சட்டம் எங்கெங்கே இடம் கொடுத்தாலும் 18 என்ற கோட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத்தான் பயிற்சி

எந்த வழி நல்லது என்று பார்க்க, எதைப் பழக்குகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். போர்டிங் வேலையில் கையைவிடக் கண்ணுக்குப் பயிற்சி அதிகம் தேவை.

காலையில் புதுப் பையன் வந்ததும் செய்ய நினைக்கும் முதல் வேலை, ஹோஸைத் திறந்து அறையைக் கழுவுவது. சுறுசுறுப்பானவன் என்று நமக்கும் தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீரோடு ராத்திரி நடந்த எல்லாமும் சாக்கடைக்குப் போய்விடும். மோஷன் கெட்டியா, இளகலா, சளியோ ரத்தமோ கலந்திருக்கிறதா? தண்ணீர்க் கிண்ணம் எவ்வளவு குறைந்திருக்கிறது? விரிப்பு ஒரு மூலையில் சுருண்டு கிடக்கிறதா, கிழிந்திருக்கிறதா? கதவோரம் நுரை மாதிரி வாந்தி இருக்கிறதா? இதையெல்லாம் பார்த்து நோட்டில் ஒரு வரி எழுதிய பிறகுதான் ஹோஸ். அதற்குப் பிறகு கழுவுவதிலும் ஒரு வரிசை உண்டு. கழிவை அள்ளி, சோப்பு போட்டுத் தேய்த்து, அலசி, அதற்கு மேல்தான் மருந்து. அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் வேலை செய்யாது. நாய்க்கு ரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும் பார்வோ வைரஸ் மாதக்கணக்கில் தரையிலேயே கிடக்கும், சாதாரண பினாயிலுக்கு அசையாது. வீட்டு உபயோக பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊற வேண்டும். பூனை அறைக்குள் பினாயில் வரவே கூடாது, அது பூனைக்கு விஷம்.

இதை வகுப்பில் உட்கார வைத்துச் சொல்லித்தர அரை மணி நேரம் போதும். அது கண்ணில் படிய மூன்று மாதம் ஆகும்.

எங்களிடம் பழக வந்த பெண் ஒருத்தி, அவிநாசிப் பக்கம் ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை. சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. மதியம் வந்து, "அண்ணா, அந்த மஞ்சப் பூனை காலைல இருந்து மண்ணுத் தட்டுல போயிப் போயி உக்காருதுங்க. மண்ணு நனையவே இல்லைங்க" என்றாள். பக்கத்தில் நின்ற மூத்த பையன் மலச்சிக்கலாக இருக்கும் என்றான். ஆண் பூனை திரும்பத் திரும்பத் தட்டில் உட்கார்ந்தும் மண் நனையவில்லை என்றால் முதலில் பயப்பட வேண்டியது சிறுநீர்க் குழாய் அடைப்புக்கு. ஒன்றிரண்டு நாளில் உயிரை எடுத்துவிடக்கூடிய விஷயம் அது. அடைப்பேதான். அன்று மாலைக்குள் கிளினிக்கில் குழாய் போட்டு எடுத்தார்கள், பூனை பிழைத்தது. அவளுக்கு அந்த நோயின் பெயர்கூட அப்போது தெரியாது. காலையிலிருந்து அதே அறைப் பக்கம் அவளே வேலை பார்த்ததால்தான் மண் நனையாததைக் கவனிக்க முடிந்தது.

என் ஒப்பீடு முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. ஒரே பிள்ளை, அதே விலங்குகளைக் காலையிலும் மதியமும் இரவிலும் பார்க்க, பார்த்ததைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஒருவர் இருக்கிற வழி எதுவோ, அது நல்ல வழி.

கூடவே விட்டுப் பழக்குவது

இந்தக் கணக்கில் முதல் வழிக்கு இணை கிடையாது. வரும் நாய் எல்லாம் வேறு வேறு சுபாவம். வீட்டில் சோபாவில் தூங்கும் லேப்ரடார் முதல் ராத்திரி சாப்பிடாது, அது சாதாரணம். இரண்டாம் நாளும் தண்ணீர்கூடத் தொடவில்லை என்றால் சாதாரணம் இல்லை. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலே கெட்டுப்போகும். பெரிய மார்புள்ள ஜெர்மன் ஷெப்பர்டோ கிரேட் டேனோ வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் நிமிடக் கணக்கில் ஓட வேண்டும். இந்த வேறுபாடு பக்கத்தில் ஒருவர் நின்று "இதைப் பார், இது ஓகே, அதைப் பார், அது ஓகே இல்லை" என்று நாள்தோறும் சொன்னால்தான் ஏறும்.

நாட்டு நாய் இனங்கள் வந்தால் இன்னும் கவனம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இவற்றுக்கு ஐந்தடிச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. சிப்பிப்பாறைக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அளவு, சாதாரண பெல்ட்டைப் பின்னால் இழுத்துக் கழற்றிவிட்டு ஓடிவிடும். இழுத்தால் இறுகுகிற பெல்ட்டோ நல்ல ஹார்னஸோ வேண்டும். இரட்டைக் கதவில் ஒன்று மூடிய சத்தம் கேட்ட பிறகுதான் இரண்டாவது தாழ்ப்பாளில் கை வைக்க வேண்டும் என்பது உடம்பில் ஊறவேண்டிய பழக்கம். சொல்லிக் கொடுத்தால் மட்டும் வராது; மூத்தவர் ஒவ்வொரு தடவையும் அப்படியே செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

ஓட்டையும் அங்கேதான். மூத்தவர் ஒவ்வொரு தடவையும் அப்படிச் செய்யவில்லை என்றால், செய்யாததும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். காலரைப் பிடித்து இழுத்துப் போவது, அவசரத்தில் அள்ளாமலே பினாயிலை ஊற்றிவிட்டுப் போவது, "விடு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பது எல்லாம் ஒரே மாதத்தில் புதுப் பையனுக்கு இறங்கிவிடும். கை தேர்ந்தவர்களில் பலருக்குத் தான் ஏன் அப்படிச் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வராது. நாயின் காதைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுவார். ஏன் ஒதுங்கினீர்கள் என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்பார். இன்னும் ஒன்று, பழக வந்தவனை டீ வாங்கவும் மூட்டை தூக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு எடுபிடி ஆக்கிவிடும் ஆபத்து.

இதற்கு நான் கண்ட மருந்து மாலை நேரத்துப் பத்து நிமிடம். பழகுகிற பிள்ளை ஒவ்வொரு விலங்கைப் பற்றியும் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். "பன்னிரண்டாம் அறை பக் (அந்தச் சப்பை மூக்கு) வெயிலில் நடந்துவிட்டு வந்து கால் மணி நேரம் ஆகியும் மூச்சு வாங்கியது" என்கிற மாதிரி. மூத்தவர் கேட்டுவிட்டு, ஏன் முக்கியம் அல்லது ஏன் முக்கியமில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். உரிமையாளர் கூட உட்கார வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் மூத்தவரும் கற்றுக்கொள்கிறார், அது எதிர்பாராத லாபம்.

உங்கள் இடத்தில் அப்படி ஒரு நல்ல மூத்த கை இல்லையா? நீங்களும் வெளிவேலை பார்த்துக்கொண்டு சாயங்காலம்தான் வருகிறீர்களா? அப்படியானால் இந்த வழி உங்களுக்கு இல்லை. முதலில் ஒரு மூத்த ஆளுக்குச் செலவழியுங்கள், பிறகு பிள்ளைகளை எடுக்கலாம்.

வெளியே அனுப்பிக் கற்பிப்பது

பெரிய ஊர்களில் தனியார் க்ரூமிங் பயிற்சி நிறையக் கிடைக்கிறது. குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, ஷிட்ஸுவுக்கும் பூடிலுக்கும் முடி திருத்துவது எல்லாம் நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். கையில் சான்றிதழோடு திரும்பி வரும் பிள்ளைக்கு நாயைத் தொடும் பயம் போயிருக்கும். ஆனால் மேஜையில் ஒரு மணி நேரம் நிற்கும் நாயைக் கையாள்வது வேறு, வீட்டை விட்டு வந்து பத்து நாள் தங்கும் நாயைப் பார்த்துக்கொள்வது வேறு. கட்டணத்தை நீங்கள் கட்டினாலும், கற்றது க்ரூமர் வேலை என்பதால் அவர்கள் க்ரூமர் வேலைக்குப் போய்விடுவார்கள். அதில் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. உங்கள் போர்டிங்கில் க்ரூமிங் பிரிவும் இருந்து, அதற்கு ஆள் வேண்டும் என்றால் மட்டும் இதைப் பாருங்கள்.

வெட் கிளினிக் வேறு ரகம். மூன்று மாதம் உங்களிடம் பழகிய பிள்ளையை இரண்டு மூன்று வாரம் உங்கள் வழக்கமான டாக்டரிடம் விட்டால் கிடைக்கும் பலன் பெரியது. உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்ப்பது, விரலால் அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பது, 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பான சூடு என்று தெர்மாமீட்டர் வைத்துத் தெரிந்துகொள்வது, உண்ணிக் காய்ச்சலில் சோர்ந்து கிடக்கும் நாய் எப்படி இருக்கும் என்று நேரில் காண்பது. முதல் நாளே அனுப்பினால் இது ஒன்றும் மண்டையில் நிற்காது. ஆரோக்கியமான நாயை நூறு தடவை பார்த்த கண்ணுக்குத்தான் நோய் பளிச்சென்று தெரியும்.

தெருநாய்களுக்கான காப்பகத்தில் உதவிக்கு விடுவதும் நல்ல பள்ளிக்கூடம்தான். மிரண்ட நாயிடம் பக்கவாட்டில் போய் உட்காருவது, கண்ணுக்கு நேராகப் பார்க்காமல் இருப்பது எல்லாம் அங்கே கற்பது மாதிரி வேறெங்கும் கற்க முடியாது. ஆனால் பார்வோவும், டிஸ்டெம்பர் என்கிற இன்னொரு தொற்று நோயும் செருப்பிலும் உடுப்பிலும் ஏறி உங்கள் வாசலுக்கு வந்துவிடும். காலையில் காப்பகம், மாலையில் போர்டிங் என்று ஒருநாளும் வைக்காதீர்கள். கிளினிக்குக்கும் இதே விதிதான். அங்கே இருக்கும் வாரங்களில் அங்கே மட்டும், திரும்பி வரும்போது வேறு உடுப்பு, வேறு செருப்பு.

சட்டப்படி பழகுநராக எடுப்பது

தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 2019 விதித் திருத்தத்தின்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும்; 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். 4 பேருக்குக் கீழ் இருந்தால் இந்த வழியே கிடையாது. முதலில் சொன்ன மூன்று பேர் போர்டிங் அங்கேயே நின்றுவிடுகிறது. ஐந்தாறு பேர் வைத்திருப்பவர்கள்தான் மேலே யோசிக்கலாம்.

அதே 2019 விதிகள் படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை வைத்தன. 2016இல் தொடங்கிய தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அந்தத் தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய், அரசின் பங்கு. ஒப்பந்தத்தை இணையத்தில் பதிய வேண்டும், பாடத்திட்டம் காட்ட வேண்டும், பயிற்சியில் காயம் பட்டால் இழப்பீட்டுக்கு நீங்கள் பொறுப்பு.

1,500 ரூபாய்க்காக இதில் இறங்க வேண்டாம், எழுத்து வேலைக்கே அது சரியாகப் போய்விடும். இதில் எனக்குப் பிடித்தது வேறு. எந்த மாதத்துக்குள் எதைக் கற்றுத்தரப் போகிறேன் என்று உரிமையாளரே முன்கூட்டி எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கும் வீட்டில் காட்ட ஒரு தாள் இருக்கிறது. "நாய் மேய்க்கப் போறியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும் ஊரில் அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். சிறிய இடத்துக்காரர்கள் பதிவு செய்ய முடியாவிட்டாலும் அந்தப் பாடத்திட்டத் தாளை மட்டும் எழுதிக்கொள்ளலாம். அதோடு ஒன்று: பதிவு இல்லாமல் 'ட்ரெய்னி' என்று பெயர் வைத்து, கைச்செலவுக்கு மட்டும் ஏதோ கொடுத்து ஒரு வருடம் ஓட்டுவது நியாயமே இல்லை. பதிவில்லாத பிள்ளை உங்கள் வேலையாள். வேலையாளுக்கு உரிய கூலி முதல் மாதத்திலிருந்தே கொடுக்க வேண்டும்.

சீசனுக்கு மாணவர்கள் என்பது பழக்கும் வழியே அல்ல, ஆள் பற்றாக்குறைக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு. போன் எடுக்க, உரிமையாளர்களுக்குப் படம் அனுப்ப, பழகிய நாய்களை வளாகத்துக்குள் நடத்த வைத்துக்கொள்ளலாம். கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. தேர்வு வந்தால் போய்விடுவார்கள், அடுத்த வருடம் வேறு ஆள். தீபாவளி ராத்திரி பட்டாசுச் சத்தத்தில் கதவைச் சுரண்டும் நாய்களோடு புது மாணவரைத் தனியே நிறுத்தவே கூடாது.

என் தேர்வும் அதன் கணக்கும்

மூன்று முதல் ஆறு பேர் உள்ள போர்டிங்குக்கு நான் சொல்வது இது. கூடவே விட்டுப் பழக்குவதை அடித்தளமாக வையுங்கள். மூன்றாம் மாத முடிவில் இரண்டு மூன்று வாரம் கிளினிக். சட்டப் பதிவுக்குத் தகுதி இருந்தால் பதியுங்கள், இல்லையென்றால் மாதவாரிப் பாடத்தாளை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி பிள்ளையிடம் கொடுங்கள்.

சேர்க்க நல்ல மாதம் ஜூன். மே நெரிசல் முடிந்து, இடம் பாதி காலியாக இருக்கும். மூத்தவருக்கும் சொல்லித்தரப் பொறுமை இருக்கும். அக்டோபர், நவம்பரில் தீபாவளி வரும்போது நான்கைந்து மாதப் பழக்கம் கையில் இருக்கும். ஏப்ரலில் நெருக்கடி வந்த பிறகு ஆள் சேர்த்தால் அந்தப் பிள்ளை தண்ணீர் தூக்குவதைத் தவிர ஒன்றும் கற்காது.

இரண்டு பேரை ஒரே நாளில் சேர்க்கலாமா? இதில் மாற்றுக் கருத்து உண்டு. இரண்டு பேர் என்றால் துணை, பேச்சு, ஊர் நினைப்பு குறையும், ஒருவர் நின்றால் ஒருவர் இருப்பார். ஆனால் ஒரே மூத்தவர்தான் என்றால் ஒருவரையே எடுங்கள். புதியவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் சந்தேகத்தை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், மூத்தவரிடம் வர மாட்டார்கள். முதல் ஆள் ஆறு மாதம் முடித்த பிறகு இரண்டாவது ஆளைச் சேர்த்து, கழுவும் வரிசையையும் இரட்டைக் கதவையும் முதல் ஆளையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். தனக்கு எது இன்னும் பிடிபடவில்லை என்பது சொல்லித்தரும்போதுதான் அவருக்கே தெரியும்.

எந்த வழியானாலும் மாறாத ஒன்று ரேபிஸ் தடுப்பூசி. நாய் கடித்த பிறகு போடுவதைச் சொல்லவில்லை, முன்கூட்டிப் போடுவது. முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று ஊசி. செலவு உங்களுடையது. அது முடியும்வரை பிள்ளைக்குச் சமையல், கிண்ணம், நோட்டு, வெளியே நின்று பார்ப்பது மட்டும். அந்த ஒரு மாதத்தில் கண் பழகிவிடும். ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஊசி, மூன்று நாள் கழித்து இன்னொரு ஊசி என்று இரண்டு போட்டுக்கொள்ள வேண்டும். கடிபட்டதை மறைக்காமல் சொல்லும் தைரியம் பிள்ளைக்கு வர, "எப்படிடா கடி வாங்கினே" என்ற திட்டு உங்கள் இடத்தில் இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் எலிக் காய்ச்சலுக்காகக் கையுறையும் பூட்ஸும் கட்டாயம். பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான், பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம்.

இரவுப் பொறுப்பை எப்போது தருவது என்பதில்தான் அவசரப்படுவோம், ஏனென்றால் நமக்குத் தூக்கம் வேண்டும். மாதக் கணக்கு பார்த்துத் தராதீர்கள். இரவு பத்து மணிச் சுற்று முடிந்ததும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் தனியாகச் சுற்றி வந்து எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தொடர்ந்து பல இரவுகள் நீங்கள் கண்டது எதுவும் பிள்ளையின் நோட்டில் விடுபடாமல் இருந்தால் சாவியைக் கொடுக்கலாம். அப்போதும் முதல் சில வாரம் நீங்கள் வளாகத்துக்குள்ளேயே படுங்கள், டாக்டர் நம்பர் கதவில் பெரிதாக எழுதி ஒட்டப்பட்டிருக்கட்டும். சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் உங்களை எழுப்பலாம் என்று முதல் இரவே சொல்லிவிடுங்கள். ஒன்றுமில்லாததற்கு எழுப்பினாலும் எழுந்து போய்ப் பாருங்கள்.